திருகோணமலை வெயிலில் மொரிஸ் மைனருக்கு ஒரு புதிய ஹூட்

எங்கள் மொரிஸ் மைனர் கன்வெர்ட்டிபிள் காரின் ஹூட்டை, அதாவது மடிக்கும் துணிக் கூரையை, இவ்வருடம் கச்சான் காற்று தணிந்த கையோடு முழுமையாக மாற்றி முடித்தோம். மடிக்கும் கூரையுடைய மைனர் 1948 ஆம் ஆண்டிலிருந்து 1969 ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது. எங்களுடையது 1956 இற்குப் பின் வந்த, 948 சிசி இயந்திரமும் முன்புறத்தில் பிளவில்லாத ஒற்றைக் கண்ணாடியும் கொண்ட மைனர் 1000. இந்தக் காருக்கு ஹூட் போடுவது பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஈரத்தையும் குளிரையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. வருடத்தின் பெரும்பகுதி வெயிலும், ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை அடைமழையும், எந்நாளும் உப்புக் காற்றும் உள்ள நம்முடைய ஊருக்கு அவை பாதி வழி வரைதான் உதவும். ஆகவே, இங்கே இதே வேலையில் இறங்கப்போகும் ஒருவருக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

துணியைத் தெரிவு செய்வதற்கு முன் பழைய ஹூட் எதனால் கெட்டது என்று பார்ப்பது அவசியம். எங்கள் பழைய ஹூட் கறுப்பு பிவிசி, அதாவது பிளாஸ்டிக் பூசிய துணி. கழற்றி முற்றத்தில் விரித்துப் பார்த்தபோது, துணியின் நடுப்பகுதி கையால் கிழிக்க முடியாத அளவுக்கு இன்னும் உறுதியாக இருந்தது. ஆனால் மேல் தையலில் நகத்தை வைத்து இழுத்ததும் நூல் மாவாக உதிர்ந்தது. பின்புறத்தில் ஆணி அடித்திருந்த ஒவ்வோர் இடத்திலும், துருப்பிடித்த ஆணித் தலையைச் சுற்றிச் சத நாணயம் அளவுக்கு ஒரு செம்பழுப்பு வட்டம்; அந்த வட்டத்துக்குள் அடிப்பக்கப் பருத்தி முற்றாக உக்கிப் போயிருந்தது. துணி சாகவில்லை, அதைப் பிடித்து வைத்திருந்த நூலும் ஆணியும்தான் செத்திருந்தன. இந்த ஊரில் ஹூட்டுக்கென்று ஒதுக்கும் பணத்தில் முதற்பங்கு நூலுக்கும் ஆணிக்கும் போகவேண்டும் என்ற முடிவுக்கு அன்றே வந்துவிட்டேன்.

துணியைப் பொறுத்தவரை பிவிசி, மொஹெயர் என்ற இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. மொஹெயர் என்று இன்று விற்கப்படுவதில் ஆட்டு மயிர் கிடையாது. நெய்வதற்கு முன்பே இழையோடு சாயம் சேர்க்கப்பட்ட அக்ரிலிக் மேற்பரப்பு, நடுவில் நீரைத் தடுக்கும் பியூட்டைல் இறப்பர், அடியில் பருத்தி அல்லது பொலியெஸ்டர் என மூன்று அடுக்காக வருகிறது. பிவிசி விலை குறைவு, சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும், இழுத்த இழுப்புக்கு வரும். ஆனால் அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்த் தன்மையான சேர்மம் வெயிலில் கொஞ்சங் கொஞ்சமாக வெளியேறிவிடுவதால், துணி விறைத்துச் சுருங்கி, இறுதியில் மடிப்புகளில் வெடிக்கிறது. அக்ரிலிக் புற ஊதாக் கதிரை நன்றாகத் தாங்கும், நிறமும் எளிதில் வெளுக்காது. அதன் குறை மழைக்காலத்தில்தான் தெரியும்: ஈரத்தோடு மடித்து வைத்தால் அடிப்பக்கப் பருத்தியில் பூஞ்சணம் பிடித்து, கறுப்புப் புள்ளிகள் பிறகு எதற்கும் போகமாட்டா. பொலியெஸ்டர் அடிப்பக்கம் உள்ளதை வாங்கினால் அந்தக் கவலை குறையும். வாகனத்தைக் கொட்டகையில் நிறுத்தி, மழை நாளில் வெளியே எடுக்காதவருக்கு நல்ல பிவிசி போதும் என்றுதான் சொல்வேன். எங்கள் கார் தினமும் உவர்மலையிலிருந்து கடைத்தெருவுக்குப் போய் வெயிலில் நிற்கும் கார். ஆகவே பொலியெஸ்டர் அடிப்பக்கமுள்ள அக்ரிலிக்கையே எடுத்தோம்.

நூலில் நைலோனைத் தொடவே கூடாது. தையல் மெசினில் அது அழகாக ஓடும், இழுவையும் தாங்கும், ஆனால் வெயில் அதை விரைவில் தின்றுவிடும். பொலியெஸ்டர் அதைவிட நெடுநாள் நிற்கும். எல்லாவற்றிலும் நிலைத்தது பிடிஎஃப்இ (டெஃப்லோன்) நூல்; வெயிலோ உப்போ அதை ஒன்றும் செய்வதில்லை. படகுகளின் பாயும் மேற்கூரையும் தைப்பவர்கள் அதைப் பயன்படுத்துவதும் இதனால்தான். விலை கூடியது, வழுக்குவதால் மெசினின் இறுக்கத்தையும் மாற்றியமைக்க வேண்டும். எனவே வெயில் நேரே விழும் மேல் தையல்களுக்கு மட்டும் அதை வைத்து, உட்புறத் தையல்களைப் பொலியெஸ்டரில் முடித்தோம். தையல் மடிப்புகள் வீட்டுக் கூரை ஓடு போல மேலது கீழதை மூடி நிற்கவேண்டும் என்பதையும் வெட்டும் முன்பே குஷன் வேலை செய்பவரிடம் சொல்லிவிடுவது நல்லது. தைத்த பிறகு திருப்ப முடியாது.

எங்களுக்கு வேலை செய்தவர் முதலில் துணியைப் பார்க்கவே மறுத்துவிட்டார். "தம்பி, சட்டம் நேராகாமல் நான் துணியிலை கத்தரி வைக்க மாட்டன்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. கூரைத் துணியைத் தாங்கும் மடிப்புச் சட்டத்தின் மூட்டுகளில் ரிவெட்டுகள் தேய்ந்து, அதன் குறுக்கு வளையங்கள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. ரிவெட்டுகளை மாற்றி, துருவைச் சுரண்டி, பூச்சுப் பூசி, வளையங்களுக்கு இடையிலான தூரத்தைத் தீர்மானிக்கும் நாடாப் பட்டைகளைப் புதிதாக இழுத்த பிறகுதான் கூரையின் வடிவம் திரும்பி வந்தது. பின்புறம் ஆணி அடிக்கும் மரப்பட்டையும் உளுத்துப் போயிருந்தது. தச்சர் முதிரையில் செய்து தருவதாகச் சொன்னார். நம் பக்கத்து மரம், உறுதிக்குக் குறைவில்லை. ஆனால் சிறிய ஆணியை ஒரு விரல் இடைவெளியில் வரிசையாக வாங்கவேண்டிய பட்டைக்கு அது மிகக் கடினம், துளையிடாமல் அடித்தால் வெடித்துவிடும். தேக்கு ஆணியை விட்டுக்கொடுத்து வாங்கும், ஈரத்துக்கும் அசையாது. ஆணிகள் எல்லாம் செம்பு. திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 தரம். 304 தரத்தில்கூடக் கடற்காற்றில் மெல்லிய துருக்கறை படர்வதைப் படகுகளில் பார்த்திருக்கிறேன்.

பழைய ஹூட்டைத் துணியின் மேல் வைத்து அப்படியே வெட்டுவது இங்கே வழக்கமாக நடக்கிறது. அந்தப் பழைய துணி வருடக்கணக்கில் சுருங்கி வந்தது என்பதால் அந்த அளவு எப்போதும் குறைவாகவே இருக்கும். சட்டத்தை உயர்த்திப் பூட்டி, அதன் மேல் மலிவான துணியைப் போர்த்தி, சோக்கட்டியால் கோடு போட்டு எடுப்பதே சரியான அளவு. அக்ரிலிக் பிவிசியைப் போல நீண்டு கொடுக்காது என்பதால் இதில் சலுகை எடுக்க இடமில்லை.

பொருத்தும் வேலையைக் காலையில் தொடங்கி நண்பகலுக்கு முன் நிறுத்திக்கொண்டோம். உச்சி வெயிலில் பசை பூசிய கையோடு காய்ந்துவிடும்; பிவிசியாக இருந்தால் துணியும் அளவுக்கு மீறி இளகும், அப்போது இழுத்துக் கட்டினால் மழை நாளில் இறுகி, விண்ட்ஸ்கிரீனின் மேல் பூட்டும் முன்சட்டத்தைப் பூட்டவே முடியாது. துணியிலும், முன்சட்டத்திலும், பின்பட்டையிலும் நடுக்கோட்டைக் குறித்துக்கொண்டு, பின்புற நடுவில் முதல் ஆணியை அடித்து, வலம் ஒன்று இடம் ஒன்றாக மூலைகளை நோக்கிப் போகவேண்டும். இந்த நேரத்தில் ஆணிகளைப் பாதி மட்டும் இறக்குவது முக்கியம், ஏனெனில் சுருக்கம் எங்கே விழும் என்பது முன்புறத்தை இழுத்த பின்பே தெரியவரும். பிறகு சட்டத்தை விண்ட்ஸ்கிரீனில் பூட்டி, துணியைக் கையால் இழுத்து, முன்விளிம்பில் சோக்கட்டிக் கோடு. பூட்டைத் திறந்து, அந்தக் கோட்டைச் சட்டத்தின் விளிம்புக்கு அப்பால் சுமார் 10 மில்லிமீற்றர் தள்ளி மடித்து ஒட்டினால், மீண்டும் பூட்டும்போது கூரை முழுவதும் ஒரே இறுக்கமாக நிற்கும். கதவுக்கு மேலுள்ள ஓரங்களும் பின்மூலைகளும் கடைசியில்தான். பின்மூலையில் விழுந்த ஒரு சுருக்கத்துக்காக அவர் அரை வரிசை ஆணிகளைப் பிடுங்கித் திரும்ப அடித்தார். அந்தப் பொறுமைக்குக் கொடுத்த கூலி குறைவு என்றே எனக்குப் பட்டது.

ஒட்டிய பின் சில வாரங்கள் ஹூட்டை மடிக்காமல் விட்டு, வெயிலிலும் இரவிலும் துணி தன் இடத்தைப் பிடிக்க விட்டோம். தண்ணீர்க் குழாயால் மேலிருந்து நனைத்துப் பார்த்ததில் இடப்பக்கக் கதவுக் கண்ணாடியின் மேல் மூலையில் மட்டும் கசிவு இருந்தது. அது துணியின் குறை அன்று, கண்ணாடி சற்று உள்நோக்கிச் சாய்ந்திருந்ததுதான். கதவுக்குள் அதன் வழிப்பட்டையைத் தளர்த்தி நிமிர்த்தியதும் இறப்பரில் நன்றாகப் பதிந்தது.

பின்கண்ணாடியாக வரும் தெளிந்த பிவிசி இந்த ஹூட்டில் மற்றெல்லாவற்றுக்கும் முன்னரே மஞ்சளாகும். அதனால் அதைத் தனிச் சட்டத்துணியில் வைத்து, கூரையைக் கழற்றாமலே பிரித்துத் தைக்கும்படி செய்வித்தேன். படிந்த உப்பையும் மணலையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிய பின்பே அதைத் துடைக்கிறோம்; உலர்ந்த துணியைக் கொண்டு துடைப்பதும், அமோனியா கலந்த கண்ணாடித் திரவங்களும் எங்கள் வீட்டில் தடை. மடிக்கும்போது கண்ணாடிக்கு இடையில் ஒரு பழைய போர்வையை வைக்கிறோம். இனித் தைக்க மிச்சமிருப்பது, மடித்த ஹூட்டை மூடும் உறை மாத்திரம். அதற்குரிய துணியை அதே சுருளிலிருந்து வெட்டி எடுத்து வைத்துள்ளோம்.