விசுவமடுவிலிருந்து மீனம்பாக்கம்: 400 கிலோமீற்றர், முழுப் பகல்

சென்னையில் சித்தி மகளின் கலியாணம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். முதல் வேலையாக போனில், எங்கள் விசுவமடுவுக்குக் கிட்டவுள்ள கிளிநொச்சியிலிருந்து சென்னைக்குத் தூரம் தேடினேன். சுமார் 400 கிலோமீற்றர், பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம் என்று வந்தது. கிளிநொச்சியில் எங்கே ஏறுவது? இரணைமடுவில் ஓடுபாதை இருக்கிறது, விமானப்படையிடம். அதில் எங்களை ஏற்றமாட்டார்கள். இந்த இணையத்தளங்கள் வரைபடத்தில் நேர்கோடு இழுத்து, ஜெட்டின் வேகத்தால் பிரித்து, ஏறி இறங்கக் கொஞ்சம் கூட்டி நேரம் சொல்லிவிடுகின்றன.

ரிக்கெட் போடும் தம்பி கொழும்புக்குக் கிட்டவுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தைத்தான் சொன்னார். "நிறைய பிளைட் இருக்கு அக்கா." உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அங்கே 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு வான் வண்டியில் வெளிக்கிட்டு, விடிய இறங்கி, மூன்று மணித்தியாலம் காத்திருந்து ஏறினால், விமானம் வடக்கே திரும்பி பூநகரிக்கு மேற்கே கடலுக்கு மேலால்தான் சென்னைக்குப் போகும். வந்த தூரத்தை வானத்தில் திருப்பிப் போவதற்குக் காசு! அம்மாவின் முழங்காலை நினைத்து, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் என்று முடிவெடுத்தேன்.

பலாலியிலிருந்து சென்னை விமான நிலையமான மீனம்பாக்கம் நேர்கோட்டில் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து என்றால் 650 வரும். தூரம் பாதிதான், நேரம் மட்டும் பாதியில்லை. இங்கே ஓடுவது ஏ.டி.ஆர் 72, காற்றாடி விமானம், மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் போகும். ரிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம் என்றிருந்தது, ஓடுபாதையில் உருளும் நேரமும் சேர்த்து. 2019 இல் திறந்த சர்வதேச நிலையம் இது. கொரோனாவோடு நின்று 2022 டிசம்பரில்தான் சென்னை விமானம் திரும்ப வந்தது. அதனால் பழைய நேர அட்டவணையை நம்பவேண்டாம், போட்ட பிறகும் முதல்நாள் ஒருதரம் பாருங்கள். தவறவிட்டால் கட்டுநாயக்கா மாதிரி அடுத்தது இரவுக்கு இராது.

பின்னேர விமானத்துக்கு காலை ஒன்பதுக்கு வெளிக்கிட்டோம். தருமபுரம், பரந்தன், ஆனையிறவு, கொடிகாமம். சாவகச்சேரியில் தேத்தண்ணி. பன்னிரண்டுக்கு முன்னமே பலாலி. அவ்வளவு வெள்ளென வந்ததும் நல்லதாய்ப் போயிற்று. தராசில் அம்மாவின் பை கூடிவிட்டது. புழுக்கொடியல், பனங்கட்டி, வறுத்த மிளகாய்த்தூள். சித்திக்கு அங்கே கிடைக்காதாம்! சனத்துக்கு நடுவே பையைப் பிரித்து, பாதியை என் பைக்கு மாற்றினேன். வீட்டிலேயே நிறுத்துக்கொண்டு போங்கள், சின்ன விமானத்தில் பாரத்துக்கு இரக்கம் இல்லை.

ஏ.டி.ஆரின் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே மறைப்பில்லை. கரை விட்டு விலகுவதை அம்மா கண்ணாடியில் நெற்றியை முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா. இறங்கியதும் மணிக்கூட்டைத் திருப்பவேண்டுமா என்று கேட்டா. வேண்டாம், 2006 இலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். அதற்கு முன் ஏறக்குறைய பத்து வருடமாக இலங்கை அரசின் நேரம் அரை மணித்தியாலம் முந்தி நின்றது.

குடிவரவு, பை, ராக்சி எல்லாம் முடிந்து சித்தி வீட்டுப் படலையில் ஏழு மணி. வாசலிலிருந்து வாசலுக்குப் பத்து மணித்தியாலம்.

"எவ்வளவு நேரமக்கா பிளேனில?" என்று சித்தி கேட்டா.

"பிளேனில ஒரு மணித்தியாலம். மிச்சமெல்லாம் கதிரையில" என்றா அம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டு.