தொப்பூர் இறக்கத்தில் அடிபட்ட காரும் இன்சூரன்ஸ் கணக்கும்

பெங்களூரிலிருந்து சேலம் வரும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், தர்மபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் வரும். அந்த இறக்கத்தில்தான் பின்னால் வந்த லாரி எங்கள் காரை இடித்து, முன்னால் நின்ற வேனில் கொண்டுபோய் முட்டவைத்தது. காரில் இருந்த எல்லாரும் சீட் பெல்ட் போட்டிருந்தோம். மனைவிக்குக் கழுத்து வலி, பின் சீட்டில் இருந்த அம்மாவுக்கு நெற்றியில் வீக்கம், அவ்வளவோடு தப்பினோம். கார் மட்டும் முன்னும் பின்னும் நசுங்கிப்போனது. அதைச் சரிசெய்து, இன்சூரன்ஸ் பணம் வாங்கி, மீதிப் பணத்துக்காகத் தீர்ப்பாயம் வரை போனதை எழுதுகிறேன். கிளெய்ம் போட்டால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் கையை விட்டு எவ்வளவு போகும் என்பது பெரும்பாலும் ஷெட்டில் வண்டியைப் பிரிக்கும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. அன்று நாம் அங்கே நிற்கவேண்டும்.

முதலில் அந்தச் சாலையைப் பற்றி. கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வரைக்கும் சாலை இறங்கிக்கொண்டே போகும், நடுநடுவே வளைவுகள். வட மாநிலங்களிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் முழு லோடு ஏற்றி வரும் லாரிகளுக்கு இது நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரலில் போட்டால் என்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்காது, மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல்தான் விழும். மிதித்துக்கொண்டே வரவர டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கும். திரும்பத் திரும்ப மிதிப்பதால் பிரேக்கை இயக்கும் ஏர் டேங்கில் காற்றழுத்தமும் இறங்கும். கடைசி வளைவுக்கு வரும்போது பெடல் மட்டும்தான் காலுக்கடியில் இருக்கும், பிரேக் இருக்காது. லாரிக்காரர்கள் கீழ் கியரில் வரவேண்டும், 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று போலீஸ் போர்டு வைத்திருக்கிறது, மைக்கிலும் சொல்கிறது. காரணம் இதுதான்.

2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த ஒரு லாரி அங்கே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளின் மேல் ஏறியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்தன. அதிலும் நான்கு உயிர் போனது. அந்த சிசிடிவி காட்சி எல்லார் போனுக்கும் வந்திருக்கும். வளைவுகளைத் தவிர்த்துப் போக 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை அமைக்க சுமார் 775 கோடி ரூபாயில் திட்டம் போட்டிருக்கிறார்கள். அது முழுதாக வந்து சேரும்வரை அங்கே கார் ஓட்டுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: இறக்கத்தில் இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். முன்னால் வண்டிகள் நிற்பது தெரிந்தால் தூரத்திலேயே ஹஸார்டு விளக்கைப் போட்டு, ஒதுங்க இடம் வைத்து நில்லுங்கள்.

மோதி நின்றதும் எல்லாரையும் இறக்கி, தடுப்புக்கு அப்பால் ஓரமாக உட்காரவைத்தேன். அந்த இடத்தில் வண்டிக்குள்ளேயே இருப்பது ஆபத்து, அடுத்த லாரி எந்த நிமிடமும் வரலாம். 108-க்கும், நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்கும் போன் செய்தோம். ரோந்து வண்டி வந்தது, பின்னாலேயே கிரேன். கிரேன் வந்து வண்டியைத் தள்ளி நிறுத்துவதற்குள் படம் எடுத்துவிடவேண்டும். இரண்டு வண்டியின் நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் வருகிற மாதிரி, லாரியின் முன்பக்கம், சாலையில் டயர் தேய்ந்த கோடு, பக்கத்தில் இருந்த கிலோமீட்டர் கல், எல்லாம் எடுத்தேன். லாரி டிரைவர் சின்ன வயதுப் பையன். கிளீனரைப் பிடித்துக்கொண்டு நின்றான், கை நடுங்கிக்கொண்டிருந்தது. "பிரேக் புடிக்கலைங்க சார்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. அவனைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

ஆம்புலன்ஸில் போய் அம்மாவையும் மனைவியையும் காட்டினோம். சின்னக் காயம்தானே என்று நேராக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்கள், பின்னால் வழக்குக்கு அதுதான் அடிப்படை. அப்புறம் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். சொந்த வண்டி சேதத்துக்கு மட்டும் கிளெய்ம் என்றால் எல்லா நேரமும் எஃப்.ஐ.ஆர். கேட்கமாட்டார்கள். ஆனால் ஆளுக்குக் காயம் என்றாலோ, அடுத்த வண்டிக்காரரிடமிருந்து இழப்பீடு கேட்கப்போகிறோம் என்றாலோ அது இல்லாமல் நகராது. எஃப்.ஐ.ஆரில் லாரி நம்பர், டிரைவர் பெயர், எந்தத் திசையில் வந்தது என்பதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிடுங்கள்.

வண்டியை உடனே விடமாட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நம் பக்கம் எல்லாரும் சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா என்று எழுதிக்கொடுக்கவேண்டும். லாரிக்கு மட்டுமல்ல, நம் காருக்கும் அந்த ஆய்வு உண்டு. அந்த அறிக்கையின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கிற நேரத்தில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போன் செய்து கிளெய்ம் எண் வாங்கிவிட்டேன். அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது. "ஏன் தாமதம்?" என்ற கேள்விக்கே இடம் இருக்காது.

கிரேன் ஓரத்தில் விடுவதோடு சரி. அங்கிருந்து சேலத்துக்கு ஷெட் வரை ரெக்கவரி வண்டி நம் செலவு. 6,500 ரூபாய் வாங்கினார்கள். சாதாரண பாலிசியில் காருக்கு இழுவைக் கூலி 1,500 ரூபாய்தான் தருவார்கள். இன்னொன்று, ரேடியேட்டர் உடைந்தோ ஆயில் ஒழுகியோ இருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். விபத்துக்குப் பிறகு ஓட்டியதால் என்ஜின் பிடித்துக்கொண்டால், அது விபத்துச் சேதம் இல்லை என்று தள்ளிவிடுவார்கள்.

இனி ஷெட். மெக்கானிக் வெளியிலிருந்து பார்த்து ஒரு எஸ்டிமேட் போட்டார். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வரும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்றவேண்டாம் என்று சொல்லிவைத்தேன். கிளெய்ம் பதிவான ஒரு நாளுக்குள் சர்வேயரை நியமிக்கவேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தரவேண்டும், அதற்குப் பிறகு நிறுவனம் 7 நாளில் முடிவு சொல்லவேண்டும் என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதி. இதைச் சண்டையாக இல்லாமல் சாதாரணமாக மெயிலில் குறிப்பிட்டேன், வேலை நகர்ந்தது.

சர்வேயர் வந்ததும் முதல் வேலையாக சேஸிஸ் நம்பர் மேல் ஒரு தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தார். அப்புறம் டிக்கியைத் திறக்கச் சொன்னார். அது பாதிதான் திறந்தது. அவர் பின் கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். மேலே விரல் நுழைந்தது, கீழே நுழையவில்லை. "அடி உள்ள போயிருக்குங்க. மேட்டைத் தூக்குங்க" என்றார். டிக்கிக்குள் விரித்திருந்த மேட்டைத் தூக்கினால், ஸ்டெப்னி வைக்கும் குழியின் தகடு அலை அலையாக மடங்கிக் கிடந்தது. வெளியிலிருந்து போட்ட எஸ்டிமேட்டில் இது இல்லவே இல்லை. சர்வேயர் பார்க்கும்போது பிரிக்காமல் விட்டிருந்தால், பின்னால் கண்டுபிடித்து, "இது இந்த விபத்தில் ஆனதுதானா?" என்ற வாக்குவாதத்தில் போய் நின்றிருக்கும். கூடுதல் எஸ்டிமேட்டை அங்கேயே எழுதி, மூவரும் படம் எடுத்துக்கொண்டோம். நான் ஊன்றிச் சொல்வது இந்த ஒரு மணி நேரத்தைத்தான். வேலைக்கு லீவு போட்டாவது போய் நில்லுங்கள்.

அதே இடத்தில்தான் மாற்றுவதா, தட்டி எடுப்பதா என்ற பேச்சும் வரும். டிக்கி கதவைப் புதிதாகப் போடலாம் என்றார் மெக்கானிக். டிங்கரிங் போதும் என்றார் சர்வேயர். நான் கதவின் உள்சட்டம் விரிசல் விட்டிருப்பதைக் காட்டினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, "சரி, மாத்திக்குங்க" என்றார். முன் ஃபெண்டரில் அவர் சொன்னதே நியாயம், தட்டி எடுத்ததில் இன்று எந்தக் குறையும் இல்லை. எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்வது நமக்கும் லாபமில்லை, ஏனென்றால் புதுப் பாகத்தின் விலையில் நம் பங்கு இருக்கிறது, லேபரில் இல்லை.

அந்தப் பங்கு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். என் காருக்கு ஆறு வயது. ஐந்து வருடத்துக்கு மேல், தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் 'பம்பர் டு பம்பர்' பாலிசி தரமுடியாது என்று நிறுவனம் சொல்லிவிட்டதால் இருந்தது சாதாரண முழுப் பாலிசி. அதில் ஐந்திலிருந்து பத்து வருட வண்டிக்கு இரும்புப் பாகங்களில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் என்றால் வண்டிக்கு எத்தனை வயதானாலும் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பெயின்ட் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள்.

வரியோடு சேர்த்து என் பில் 1,71,500 ரூபாய். இரும்புப் பாகம் 68,000-இல் 27,200 கழிந்தது. பம்பர், விளக்கு வகையறா 42,000-இல் பாதி, 21,000 போனது. பின் கண்ணாடி 9,500, லேபர் 24,000 இரண்டும் முழுதாக வந்தது. பெயின்டிங் 28,000-இல் 3,500 கழிவு. 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. பழைய பாகங்களின் இரும்பு விலை என்று 1,500. ஆக, நிறுவனம் கொடுத்தது 1,17,300, நான் கட்டியது 54,200. கூலன்ட், ஏசி கேஸ், கிளிப் போன்றவை இதில் சேராது, தனியாகக் கட்டினேன். நிறுவனமே ஷெட்டுக்கு நேராகப் பணம் கட்டிவிடும், 'காஷ்லெஸ்' என்று சொன்னதை நம்பி வெறுங்கையோடு வண்டியை எடுக்கப் போனவர் ஒருவர் கவுண்டரில் திகைத்து நின்றதை அன்று பார்த்தேன். கழிவுக் கணக்கை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பழுதுச் செலவு, பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டி முழுதும் போனதாக வைத்து டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள், அது வேறு கணக்கு.

தப்பு லாரி மேல்தான் என்றாலும் கிளெய்ம் என் பாலிசியில் என்பதால், கிளெய்ம் போடாத வருடங்களுக்காகச் சேர்த்து வைத்த பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், போய்விட்டது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை. இடிபட்டவன் ஏன் அடுத்த வருடம் கூடுதல் பிரீமியம் கட்டவேண்டும்?

வராத பணத்தை லாரியின் இன்சூரன்ஸிடம் கேட்க வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியவில்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உயிருக்கும் காயத்துக்கும் மட்டுமல்ல, பிறர் சொத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் உரியது. லாரியின் நம்பரை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்தில் பாலிசி, எதுவரை செல்லும் என்று தெரிந்துவிடும். விபத்து நடந்த ஊரில்தான் மனு போடவேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். அதனால் நான் சேலத்திலேயே போட்டேன். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போடவேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் சொல்கிறது. ஆகவே பில் வரட்டும், நிறுவனம் பதில் சொல்லட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. நம் நிறுவனம் கொடுத்த தொகையை மறுபடியும் கேட்கமுடியாது. நம் கையிலிருந்து கட்டியதை மட்டும்தான் கேட்கலாம்.

மனுவோடு எஃப்.ஐ.ஆர்., பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை, சர்வேயர் அறிக்கை, பில், கட்டிய ரசீதுகள், ரெக்கவரி வண்டி ரசீது எல்லாம் வைத்தோம். அம்மாவின் சிகிச்சைக்கு ஏ.ஆர். காப்பியோடு தனி மனு. சர்வேயர் அறிக்கை நமக்குத் தானாக வராது, நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்கவேண்டும். கேட்டால் தருவார்கள். லாரியின் நிறுவனம் முதல் வாய்தாவிலேயே வக்கீல் வைத்துவிட்டது. லாரியின் பிரேக் குறைபாட்டை ஆய்வாளர் அறிக்கையே சொல்வதால் தப்பு யார் மேல் என்று பெரிதாக வாதம் இருக்காது, தொகையைப் பற்றித்தான் பேச்சு வரும் என்கிறார் எங்கள் வக்கீல். அடுத்த வாய்தாவுக்கு மெக்கானிக்கைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.