சரஸ் என்று எழுதினேன்

தடயவியல் ஆய்வகத்தின் போதைப்பொருள் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் மேசைக்கு வந்ததில் பெரும்பகுதி கஞ்சாதான். சரஸ், அதாவது வெளிநாடுகளில் ஹஷீஷ் என்கிறார்களே அந்தப் பிசின், எங்கள் ஊர்ப் பக்கம் வருவது அபூர்வம். என் கைக்கு முதல் சரஸ் பார்சல் வந்தது 1997-ல்.

கான்ஸ்டபிள் உறையை நீட்டினார். அரக்கு முத்திரைகளைக் கடிதத்தில் இருந்த மாதிரி முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிரித்தேன். பறிமுதல் செய்தபோது எழுதிய மகஜரில், சோதனைக்கு எடுத்த மாதிரி 24 கிராம் என்று இருந்தது; தராசு 23.4 காட்டியது. ஈரம் வற்றினால் குறையும், அதையும் குறித்துக்கொண்டேன். உள்ளே சுண்டுவிரல் பருமனில் கறுப்புக் குச்சிகள். ஒன்றை உடைத்தால் நடுவில் பச்சை கலந்த பழுப்பு. இரண்டு நிமிடம் விரலிடுக்கில் வைத்திருந்தால் மெழுகு மாதிரி இளகியது.

துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். செடியின் பிசின் சுரப்பிகள் உருண்டை உருண்டையாகத் தெரிந்தன. கூடவே புலிநகம் போல வளைந்த ரோமங்கள் ஏராளம். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டதும் ரோமத்தின் அடியிலிருந்து குமிழ் கிளம்பியது, அங்கே சுண்ணாம்புச் சத்து இருப்பதால். பிறகு கலந்திருக்கும் பொருள்கள் தனித்தனியாகப் பிரிய வெள்ளைத் தகட்டில் ஓட்டிச் சாயம் தெளித்தேன். சிவப்பாக ஒரு புள்ளி, போதை தரும் டிஎச்சி. பக்கத்தில் ஊதாவாக ஒன்று, சிபிஎன். சரக்கு பழசாகப் பழசாக டிஎச்சி சிதைந்து சிபிஎன் ஆகும். அந்தக் குச்சிகள் செய்து ரொம்ப நாள் ஆகியிருந்தன.

அத்தனை ரோமம் ஏன் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு சீனியர்தான் விளக்கினார். மொராக்கோவிலும் ஆப்கானிஸ்தானிலும் காய்ந்த செடியைத் தட்டி, துணியில் சலித்து, விழும் தூளை அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். ஹிமாச்சலில் குலு, மலானா பக்கம் அப்படி இல்லை. நிற்கும் பச்சைச் செடியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். கையில் படை படையாக ஒட்டியதைச் சுரண்டி உருட்டினால் குச்சி. நாள் முழுக்கத் தேய்த்தாலும் ஒரு கைப்பிடி தேறாது. தேய்க்கும்போது இலைத்துணுக்கும் ரோமமும் சேர்ந்தே வரும். யாரோ ஒருவருடைய உள்ளங்கையைத்தான் நான் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறேன்.

கோர்ட்டில் சிக்கல் அந்த ரோமத்தில்தான் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்: “மேடம், செடியின் பாகம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது இடித்துப் பிடித்த கஞ்சா என்று ஏன் சொல்லக்கூடாது?”

வாதத்துக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. 1985 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் சட்டம் அப்போது இருந்த வடிவில், கஞ்சா என்றால் அதிகபட்சம் ஐந்து வருடம். சரஸ் என்றால் குறைந்தபட்சம் பத்து வருடம். சொந்த உபயோகத்துக்கான மிகச் சிறு அளவு என்றால் தவிர, எவ்வளவு எடை என்பது அந்தக் குறைந்தபட்சத்தை மாற்றாது. பிடிபட்ட அந்த மலைநாட்டு இளைஞரின் பையில் இருந்தது மொத்தம் நானூறு கிராம். பிரித்தெடுத்த பிசின், அது கச்சாவாக இருந்தாலும் சுத்திகரித்ததாக இருந்தாலும் சரஸ்தான் என்கிறது சட்டத்தின் வரையறை. என் சோதனையும் அதையே சொன்னது. சரஸ் என்றேன். 1999-ல் தீர்ப்பு வந்தது, பத்து வருடம்.

அதற்குப் பிறகுதான் இந்த இரண்டு பெயர்களின் பின்கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1893-94-ல் பிரிட்டிஷ் அரசு நியமித்த இந்தியச் சணல் போதைப்பொருள் கமிஷன் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் வாங்கி, கஞ்சா, சரஸ், இலையிலிருந்து செய்யும் பாங்கு மூன்றையும் தனித்தனியாக ஆராய்ந்தது. முழுத் தடை தேவையில்லை, வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று முடித்தது. அன்றைக்கு சரஸ் வந்தது சீனாவின் சிஞ்சியாங்கில் இருக்கும் யார்க்கண்டிலிருந்து. காரகோரம் கணவாயைத் தாண்டி லடாக்கின் லே வழியாகப் பஞ்சாபுக்கு இறங்கி, உரிமம் பெற்ற கடைகளில் பகிரங்கமாக விற்றது. 1930-களின் நடுவில் சீனத் தரப்பு அதை நிறுத்தியது. அதற்குள் 1925-ல் ஜெனீவாவில் எகிப்தியப் பிரதிநிதி ஹஷீஷைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப் போராடியிருந்தார். 1961-ல் வந்த ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை கதவை இன்னும் இறுக்கியது. காத்மாண்டுவில் லைசென்ஸ் கடைகளை 1973-ல்தான் மூடினார்கள். வரி வசூலுக்காகப் பிரித்து எழுதிய பெயர்கள் எங்கள் சட்டத்தில் சிறை வருடங்களாகிவிட்டன. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2001-ல் சட்டம் திருத்தப்பட்டது. எடைக்கு ஏற்ப தண்டனை. சரஸில் 100 கிராமுக்குக் கீழே சிறு அளவு, ஒரு கிலோவுக்கு மேலே வணிக அளவு. நானூறு கிராம் இடையில் விழும். அதற்குப் பத்து வருடம் உச்சவரம்புதான், குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. நீதிபதி இரண்டு வருடம்கூடக் கொடுத்திருக்கலாம். ஆனால் விசாரணையில் இருந்த வழக்குகளுக்குத்தான் இந்தச் சலுகை, அப்பீலில் இருந்தவற்றுக்கு இல்லை. அந்த இளைஞர் இரண்டு வருடம் முந்திவிட்டார்.

வக்கீல் கேட்ட கேள்வியும் சாகவில்லை. 2010-ல் ஹிமாச்சல் உயர் நீதிமன்றம் பிசின் எவ்வளவோ அதை மட்டும் கணக்கிடச் சொன்னது. 2013-ல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு, மொத்த எடையும் சரஸ்தான் என்று மாற்றியது. கலப்படம் இருந்தாலும் மொத்தமாகவே நிறுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கையில் தேய்த்த குச்சியில் செடி கலப்பது தொழில்முறை. அதையும் பிசினாக எண்ணுவது ஒரு மனிதரின் ஆயுளில் கை வைக்கிறது. சதவீதம் கேட்டால் சொல்ல ஆய்வகங்களுக்கு வசதி உண்டு. கேட்கத்தான் வேண்டும்.

நான் அன்று பொய் சொல்லவில்லை. இன்று அதே குச்சியை வைத்தாலும் அதே வார்த்தையைத்தான் எழுதுவேன். ஆனாலும் 2007 மார்ச்சில், ஆய்வகச் சுவரில் காலண்டர் தாளைக் கிழித்தபோது, அந்த இளைஞர் கைதான நாளிலிருந்து பத்து வருடம் முடிகிறது என்று கணக்கு தானாக ஓடியது. வெளியே வந்திருப்பாரா, ஊர் போய்ச் சேர்ந்திருப்பாரா என்று நின்றுகொண்டே யோசித்தேன். மேசையில் அன்றைக்குப் பதினோரு உறைகள் காத்திருந்தன. முதல் உறையை எடுத்து முத்திரையைச் சரிபார்த்தேன்.