ஒலிவமலையில் அம்மாவின் பொருத்தனை

ஒன்பது வயதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, "பிள்ளை பிழைத்தால் அவனோடு ஒலிவமலையில் நின்று ஸ்தோத்திரம் செலுத்துவேன்" என்று அம்மா பொருத்தனை செய்தார். நான் பிழைத்தேன். அம்மாவால்தான் போக முடியவில்லை. போன ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய வேதாகமத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எருசலேமுக்குக் கிழக்கே இருக்கும் அந்த மலைக்கு நான் போனேன்.

மலையுச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, படம் எடுக்கச் சொல்லி ஒட்டகத்தை இழுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். தபால் அட்டை விற்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆண்டவராகிய இயேசு பரமேறின இடத்துச் சிற்றாலயத்தில், பாறையில் உள்ள பாதச் சுவட்டைத் தொட அவ்வளவு தள்ளுமுள்ளு. முன்னால் இருந்தவர் ஜெபித்து முடிப்பதற்குள் பின்னால் இருந்தவர் செல்போனை நீட்டினார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. வழிகாட்டியோ நாற்பது நிமிடத்தில் கீழே கெத்செமனே தோட்டத்தில் இருக்க வேண்டும் என்று விரட்டினார்.

குருத்தோலைப் பாதை செங்குத்தாக இறங்குகிறது. கல்லெல்லாம் வழுவழுப்பு. முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். பாதியில், ஆண்டவர் நகரத்தைப் பார்த்துக் கண்ணீர்விட்டதை நினைத்து 1955இல் கட்டிய, கண்ணீர்த்துளி வடிவக் கூரையுள்ள ஆலயம் இருக்கிறது. அதன் வளாகத்துச் சுவரோரம் நின்றுவிட்டேன். வழிகாட்டி முன்னே போகட்டும்.

எதிரே கீதரோன் பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் எருசலேமின் கிழக்கு மதில். அதில் பொன் வாசலின் இரண்டு வளைவுகளும் கல்லால் அடைக்கப்பட்டிருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டிலிருந்தே அப்படித்தான் என்கிறார்கள். என் பக்கத்துச் சரிவு முழுக்க யூதர்களின் கல்லறைகள். மேசியா வரும் நாளில் எழுந்திருப்போம் என்ற நம்பிக்கையோடு, கால்களை நகரத்தின் பக்கம் நீட்டிப் படுத்திருக்கிறார்கள்.

அங்கே அம்மாவின் வேதாகமத்தைத் திறந்தேன். நிறைவேறின தீர்க்கதரிசனங்களின் ஓரத்தில் "நிறைவேறிற்று" என்று சிவப்புப் பென்சிலால் எழுதுவது அவருடைய வழக்கம். பெத்லகேமைச் சொல்லும் மீகா 5:2இன் பக்கத்தில் அது இருந்தது. சகரியா 9:9இல், "இதோ, உன் ராஜா உன்னிடத்தில் வருகிறார்" என்ற வசனத்தின் பக்கத்திலும் இருந்தது. கழுதைக்குட்டியின்மேல் அவர் இறங்கி வந்தது இந்தச் சரிவில்தான். காற்று இரண்டொரு தாள்களைப் புரட்டிவிட்டது. 14ஆம் அதிகாரம். அவருடைய பாதங்கள் ஒலிவமலையின்மேல் நிற்கும் என்ற நான்காம் வசனத்தின் அடியில் சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. ஓரம் காலி.

அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் என் கால்கள் நடுங்கின. ஒரே தீர்க்கதரிசி, ஒரே மலை. தாழ்மையாய் வருவார் என்ற வார்த்தை எழுத்துப் பிசகாமல் நடந்துவிட்டது. ராஜாவாய் வருவார் என்ற வார்த்தை மட்டும் தரையில் விழுந்துவிடுமா? இத்தனை வருஷம் "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று மனப்பாடமாகச் சொல்லிவந்தேன். பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிக்கும் காலத்தை ஏசாயா சொன்ன இந்த நகரத்தின் தெருக்களில் இன்றும் துப்பாக்கியோடு வீரர்கள் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு வந்து அதே ஜெபத்தைச் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டது. ஆண்டவரே, சீக்கிரம் வாரும்.

பிறகு முழங்கால் வலி நினைவில்லை. கெத்செமனேயின் எட்டுப் பழைய ஒலிவ மரங்களை எப்படிப் பார்த்தேன், எவ்வளவு நேரம் நின்றேன் என்பதெல்லாம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. காய்ச்சலிலிருந்து எழுப்பினவருக்கு ஸ்தோத்திரம். என் அம்மாவையும் எழுப்பப்போகிறவருக்கு ஸ்தோத்திரம்.

அம்மாவின் சிவப்புப் பென்சிலையும் வேதாகமத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.