162 எங்கிருந்து வந்தது?

போன வாரம் எங்கள் பள்ளி டிங்கரிங் லேப் பிள்ளைகள் இருபத்தெட்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஐஐஎஸ்சி போய் வந்தேன். பெங்களூரில் பஸ் கண்டக்டரிடம் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் சயின்ஸ் என்று முழுப் பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார், டாடா இன்ஸ்டிடியூட் என்றால் உடனே டிக்கெட் கிழிப்பார். 1909-ல் தொடங்கிய இடம், பெயர் இன்னும் ஜாம்செட்ஜி டாடாவோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அல்சூரிலிருந்து கிளம்பி மேக்ரி சர்க்கிளில் நாற்பது நிமிஷம் நின்றதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியும்.

உள்ளே நுழைந்ததும் மரங்கள். 1933-ல் நம்ம திருச்சிக்காரர் சி.வி. ராமன்தான் இங்கே முதல் இந்திய இயக்குநர் ஆனார் என்று சொல்லிப் பார்த்தேன், பிள்ளைகள் கேன்டீன் எங்கே என்று கேட்டார்கள். விமான மாதிரிகள் மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் பிடித்திருந்தது, ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. கட்டுமான ஆய்வுக்கூடத்தில்தான் எல்லோரும் வாயை மூடினார்கள்.

அங்கே ஆராய்ச்சி மாணவர் ஒருவர், மதுரைப் பக்கம், 12 எம்எம் முறுக்குக் கம்பி ஒரு துண்டை இழுவை மெஷினில் மாட்டி, இது எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டார். ஐந்நூறு கிலோ, ஒரு டன் என்றார்கள். மெஷின் இழுக்க ஆரம்பித்தது, ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை, அப்புறம் கம்பியின் மேல் கருப்புச் செதில் பொடிப்பொடியாக உதிர்ந்தது, ஓரிடத்தில் மட்டும் இடுப்பு மாதிரி மெலிந்தது, டமார்! இரண்டு பிள்ளைகள் அலறியே விட்டார்கள். திரையில் 68 கிலோநியூட்டன், அதாவது ஏழு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. விரல் தடிமன் கூட இல்லாத கம்பியில் ஒரு யானையைத் தொங்கவிடலாம். அறுந்த முனையைத் தொட்டுப் பார்த்தால் சூடு.

கடைசி வரிசையில் ஒரு பையன் இருக்கிறான், வகுப்பில் வாயே திறக்காதவன். அப்பா தர்மபுரிக்காரர், இங்கே கம்பி கட்டும் மேஸ்திரி. "அண்ணா, 12 எம்எம் முழுக் கம்பி பத்தரை கிலோவுக்கு மேல வரும்" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "எம்எம்-மை அதே எம்எம்-மால பெருக்கி 162-ஆல வகுத்தா ஒரு மீட்டர் எடை. முழுக் கம்பி பன்னெண்டு மீட்டர். அப்பா அப்படித்தான் லோடு சரிபார்ப்பார்."

அந்த 162 எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சி மாணவர் கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை. எனக்கும் சட்டென்று வரவில்லை, பதினொரு வருஷமாக இயற்பியல் எடுக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் பலகைக்குப் போனார். இரும்பு ஒரு கனமீட்டர் 7850 கிலோ. வட்டத்தின் பரப்பு, பை பெருக்கல் விட்டத்தின் வர்க்கம் வகுத்தல் நான்கு. விட்டம் மில்லிமீட்டரில் இருப்பதால் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். அந்தப் பரப்பை 7850-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் எடை. விட்டத்தின் வர்க்கத்தை மட்டும் மேலே விட்டு மற்ற எண்களைச் சுருக்கினால் கீழே மிஞ்சுவது 162.2. அந்தப் புள்ளி இரண்டைச் சைட்டில் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

பையன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அலுமினியத்துக்கு வேற நம்பரா?"

இந்த ஒரு கேள்விக்காகவே மேக்ரி சர்க்கிளில் இன்னொரு நாற்பது நிமிஷம் நிற்பேன். நின்றோம், திரும்பி வரும்போது. அதற்குள் அவன் 2700 வைத்து 472 என்று கண்டுபிடித்து, செம்புக்குப் போயிருந்தான். என் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். ஸ்பீக்கரில் கேட்டது: "சரிடா, சாப்ட்டியா? நான் சென்டரிங் மேல நிக்கிறேன், அப்புறம் பேசு."