டிவி 4கே என்கிறது, கேம் எத்தனை பிக்சல் வரைகிறது?

சோனியின் கேம் கன்சோலான பிஎஸ்5-ஐ 4கே டிவியில் மாட்டினால் திரை மூலையில் 3840×2160 என்று வரும். அது கன்சோல் அனுப்பும் சிக்னலின் அளவு மட்டுமே. கேம் உள்ளே வரைவது 1440பி (2560×1440) ஆக இருக்கலாம், கூட்டமான சண்டைக் காட்சியில் அதற்கும் கீழே இறங்கலாம். மிச்சத்தை அப்ஸ்கேலிங், அதாவது சிறிய படத்தைக் கணித்துப் பெரிதாக்கும் முறை, நிரப்புகிறது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1080பி-யில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். நொடிக்கு 60 பிரேம் (படம்) வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிசெகண்டில் முடிக்க வேண்டும். 30 பிரேம் போதுமென்றால் 33.3 கிடைக்கும். பிரேமைக் கூட்டும் பெர்ஃபார்மன்ஸ், பிக்சலைக் கூட்டும் குவாலிட்டி என்று இரண்டு மோடு கொடுப்பது இதனால்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் டேப்பை எடுத்து, சோஃபாவிலிருந்து டிவி வரை அளந்துவிடுங்கள். நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். 55 இன்ச் திரையில் 1080பி பிக்சல் ஒன்றின் அகலம் 0.63 மி.மீ. 2.2 மீட்டருக்கு அப்பால் அது தனியாகத் தெரியாது. 43 இன்ச்சுக்கு இந்தத் தூரம் 1.7 மீட்டர். அதைவிடத் தள்ளி உட்காருபவர் 4கே-க்காக 60 பிரேமை விட்டுக்கொடுப்பது, என் கணிப்பில், நஷ்டம். கேமராவைத் திருப்பும்போது 30 பிரேமில் படம் விட்டுவிட்டு நகர்வது எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.

ஆனால் தூரம் எல்லாவற்றையும் மறைக்காது. மின்கம்பி, புல், தலைமுடி போன்ற மெல்லியவை பிக்சலைவிடச் சிறிதாகும்போது பிரேமுக்குப் பிரேம் தோன்றி மறைந்து மினுங்கும். உள் அளவு 720பி பக்கம் போய், எஃப்எஸ்ஆர் 2 என்ற அப்ஸ்கேலிங் முறை கொண்டு, முந்தைய பிரேம்களின் தகவலையும் சேர்த்து, 4கே-க்கு இழுக்கப்பட்ட கேம்களில் இது கண்ணை உறுத்தும். ஓடும் பாத்திரத்தைச் சுற்றியும் கொரகொரவென்று இருக்கும், ஏனென்றால் அதுவரை மறைந்திருந்த பின்னணிக்கு முந்தைய பிரேம்களில் தகவலே இல்லை. அப்படிப்பட்ட கேமில் குவாலிட்டி மோடுதான் சரி.

நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தால் நடுவழி ஒன்று உண்டு. சில கேம்கள் தரும் 40 பிரேம் மோடில் ஒரு படத்துக்கு 25 மில்லிசெகண்ட். 120-ஐ 40 சரியாக வகுப்பதால் ஒவ்வொரு படமும் மூன்று முறை சீராகக் காட்டப்படும். 60 ஹெர்ட்ஸில் அப்படி வகுபடாது, குலுங்கும். 4கே 120-க்கு டிவியில் எச்டிஎம்ஐ 2.1 போர்ட் வேண்டும். சில மாடல்களில் ஒன்றிரண்டு போர்ட் மட்டுமே அப்படி இருக்கும், போர்ட்டின் எண்ணைப் பார்த்து மாட்டுங்கள்.

பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், சேவ்டு டேட்டா அண்ட் கேம்/ஆப் செட்டிங்ஸ், கேம் பிரீசெட்ஸ் என்று போனால் எந்த மோடு முதலில் வர வேண்டும் என்பதைச் சொல்லிவைக்கலாம். டிவியில் கேம் மோடை ஆன் செய்து, ஓவர்ஸ்கேனை அணையுங்கள். ஓவர்ஸ்கேன் ஓரங்களை வெட்டிப் படத்தை இழுப்பதால் அசல் 4கே-யும் மங்கும். ஷார்ப்னெஸைக் குறைத்துக்கொண்டே வந்து, எழுத்துகளைச் சுற்றியுள்ள வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.