எருமேலியில் ஒரே கம்பைச் சுமந்த இரண்டு கன்னிச்சாமிகள்

கார்த்திகை முதல் தேதி எங்கள் ஊர் ஐயப்பன் கோயிலில் சபரிமலைக்கு மாலை போட வருகிறவர்களில் பாதிப் பேர் பக்தியால் வருகிறவர்கள், மீதிப் பேர் வீட்டம்மா இழுத்து வந்தவர்கள் என்று எங்கள் குருசாமி சிரித்துக்கொண்டே சொல்வார். கம்பம் பக்கம் இது ஒன்றும் புதிதில்லை. ஒரு மண்டலமாவது குடிக்காமல் இருக்கட்டும் என்று பெண்கள் வேண்டிக்கொள்கிறார்கள், அதுவும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் 41 நாள் பச்சைத்தண்ணீரில் குளித்து, தரையில் படுத்து, சரணம் சொல்லிவிட்டு, மாலையைக் கழற்றிய அன்று பொழுது சாய்வதற்குள் கடை வாசலில் நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கேலி செய்து என்ன ஆகப்போகிறது? கழுத்தில் மாலை இருக்கும்வரை ஊரே காவல் இருக்கிறது. கழற்றிய பிறகு யார் இருக்கிறார்கள்?

அந்த வருஷம் எங்கள் குழுவில் முதல் தடவை மலைக்கு வருகிற கன்னிச்சாமிகள் இரண்டு பேர். ஒருவர் வருவாய்த்துறையில் நல்ல பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத சட்டை, அளந்து பேசும் பேச்சு. மனைவி போன பிறகு குடி அவரை முழுசாக எடுத்துக்கொண்டது. இன்னொருவன் இருபத்தைந்து வயதுப் பையன். மதுக்கடையை ஒட்டிய பாரில் டம்ளர் கழுவி, சுண்டல் தட்டு வைக்கிற வேலை. மேஜையில் மிச்சம் வைத்துப் போவதை எல்லாம் ஒரு பாட்டிலில் சேர்த்து ராத்திரி குடித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வான். பெரியவர் வழக்கமாகக் குடித்தது அதே பாரில்தான். குழுவில் ஒருவருக்கும் இது தெரியாது.

பெரியவர் மாலை கேட்டு வந்தபோது குருசாமி உடனே போடவில்லை. "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க சாமி. அப்புறம் மாலை" என்று திருப்பி அனுப்பினார். முன்பு ஒரு வருஷம், தினமும் குடித்துப் பழகிய ஒருவர் மாலை போட்ட கையோடு ஒரேயடியாக நிறுத்தி, இரண்டாம் நாள் பஜனையில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். வருஷக்கணக்கில் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையோடு நிறுத்துவதுதான் பாதுகாப்பு. சாமி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிற குருசாமிகள் எங்களவரிடம் கொஞ்சம் பாடம் கேட்கலாம்.

இருமுடி கட்டும் நாளில் பெரியவர் தேங்காயின் கண்ணில் நெய் ஊற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மெல்லிய தாரையாக, ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல் ஊற்றினார். ஊற்றி முடித்துத் தக்கையை அடைத்தவர், தன் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையில் நின்ற பையன், "நடுங்கலை சாமி" என்றான். சட்டென்று திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

குமுளி, வண்டிப்பெரியார், குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாக எருமேலி. அங்கே பேட்டை துள்ளல். முகத்தில் வண்ணப்பொடி அப்பி, இலைதழையைச் செருகிக்கொண்டு, "சாமித் திந்தக்கத்தோம், ஐயப்பத் திந்தக்கத்தோம்" என்று ஆடிப் போவார்கள். காய்கறிகளைக் கம்பளியில் மூட்டையாகக் கட்டி நீளக் கம்பில் தொங்கவிட்டு, வேட்டையாடிய மிருகத்தைத் தூக்கிவருவது போல முன்னும் பின்னுமாக இருவர் சுமக்க வேண்டும். கன்னிச்சாமிகளாகப் பார்த்து குருசாமி கம்பைக் கொடுத்தார். பெரியவர் நல்ல உயரம், பையன் குள்ளம். மூட்டை வழுக்கி வழுக்கிப் பையன் பக்கமே வந்து அவன் முதுகில் இடித்தது. நாலைந்து தடவை தள்ளிவிட்டுப் பார்த்த பெரியவர், முழங்காலை மடக்கிக் குனிந்தபடியே ஆட ஆரம்பித்துவிட்டார். கன்னத்தில் நீலப்பொடி, தலையில் வேப்பிலை. அந்தக் கோலத்தில் அவரை அலுவலகத்தார் பார்த்திருந்தால் யாரென்றே தெரிந்திருக்காது.

துள்ளல் சிறிய அம்பலத்தில், அதாவது சின்னக் கோயிலில், தொடங்கி, எதிரே இருக்கும் வாவர் பள்ளிவாசலை வலம் வந்து, பெரிய அம்பலத்தில் முடியும். வாவர் கடல் கொள்ளைக்காரராக வந்து ஐயப்பனோடு மோதி, பிறகு உயிர் நண்பரானவர் என்பது ஒரு கதை. வேறு மாதிரியும் சொல்வார்கள். எப்படியோ, சந்நிதானத்திலும் அவருக்கென்று தனி நடை இருக்கிறது. சாமியைப் பார்க்கப் போகிற வழியில் சாமியின் சிநேகிதரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, இந்த யாத்திரையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

எருமேலியிலிருந்து பெருவழி என்கிற காட்டுப்பாதை 40 கிலோமீட்டருக்கு மேல். காளைகட்டி தாண்டி அழுதா நதிக்கரையில் இரவு தங்கினோம். அழுதாவில் முங்கி ஒரு கல் எடுத்து வந்து, மேட்டில் கல்லிடுங்குன்றில் போடுவது வழக்கம். ஐயப்பன் வதம் செய்த அரக்கி மகிஷியின் உடலைக் கல்லால் மூடிய இடம் என்பது ஐதீகம். பெரியவர் கனமான கல்லாக எடுத்தார். "சின்னதே போதும் சாமி, நாளைக்கு ஏத்தம் செங்குத்து" என்றான் பையன். அன்று ராத்திரி விறகு அடுப்புப் பக்கத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது.

"என்னை முன்னமே தெரியுமா உனக்கு?"

"மாலை போட்ட அன்னைக்கே தெரிஞ்சிருச்சு சாமி. ஓரத்து டேபிள். தண்ணி பாட்டில் ஒண்ணு, மிச்சர் வேண்டாம்பீங்க."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"நீங்க மிச்சம் வச்சதைத்தான் நான் குடிச்சேன். இதை எங்க போய்ச் சொல்றது?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.

மறுநாள் கரிமலை. ஏற்றமும் கொடூரம், இறக்கமும் கொடூரம். முன்னால் போகிற பையன் நின்று நின்று கை கொடுக்க, பெரியவர் வந்து சேர்ந்தார். பம்பையில் குளித்து, நீலிமலை, அப்பாச்சிமேடு, சரங்குத்தியில் சரம் குத்தி, பதினெட்டாம் படி. தரிசனம் சில நொடிதான், காவலர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். நெய்யபிஷேகம் முடிந்து வெளியே வந்தபோது இருவருமே பேசவில்லை. அதற்கு மேல் தரிசனத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. போனவர்களுக்குத் தெரியும்.

ஊர் திரும்பி மாலை கழற்றினோம். கோயில் வாசலிலேயே பெரியவர் பையனிடம் ஒரு ஏற்பாடு சொன்னார்: சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருவர் மற்றவருக்குப் போன் செய்ய வேண்டும். அறிவுரை கிடையாது. "எங்க இருக்கீங்க, சாப்பிட்டீங்களா" போதும்.

அமெரிக்காவின் அக்ரன் நகரில் 1935-ல் நடந்ததும் இதேதான். வியாபாரம் கைகூடாத வெறுப்பில், ஹோட்டலில் பார் சத்தத்தைக் கேட்டபடி நின்ற பில் வில்சன் என்ற பங்குத் தரகர், உள்ளே போகாமல் இருக்க இன்னொரு குடிகாரரைத் தேடித் தேவாலயங்களுக்குப் போன் செய்தார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அந்த ஜூன் 10-ம் தேதிக்குப் பிறகு மருத்துவர் குடிக்கவில்லை. அந்த நாளைத்தான், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. இன்று தமிழிலும் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. குடியை விட்டவனின் பேச்சைத்தான் குடிப்பவன் காது கொடுத்துக் கேட்கிறான். மற்றவர்கள் பேசினால் அது பிரசங்கம்.

எல்லாம் சுபமாகப் போய்விடவில்லை. பங்குனியில் ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் குடித்துவிட்டார். ஆறு மணிக்குப் போன் எடுக்கவில்லை. பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டபம் மண்டபமாகத் தேடி, ராத்திரி முழுக்க அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்து, காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஒரு வார்த்தை திட்டவில்லை. குடல் வேகிற பசியோடு கிடந்தவனைத் திட்டினால் பசி போகுமா என்று என்னிடம் கேட்டான். பாரில் வேலை பார்த்துக்கொண்டே குடிக்காமல் இருக்க முடியாது என்று அவனை வாழைத்தார் மண்டியில் சேர்த்துவிட்டவர் பெரியவர்தான். தபால் நிலையத்தில் மாதாமாதம் கட்டும் சேமிப்புக் கணக்கும் தொடங்கிக் கொடுத்தார். அவன் கைநாட்டு வைக்கப் போனபோது பிடித்து நிறுத்தி, மூன்று நாள் கையெழுத்துப் பழக்கிய பிறகுதான் விண்ணப்பத்தைக் கொடுத்தார். பழைய அதிகாரி அல்லவா!

இந்தக் கார்த்திகையில் குடிக்காக மாலை கேட்டு வருகிறவர்களை எல்லாம் குருசாமி இவர்கள் இருவரிடமும் அனுப்பினார். போன வாரம் ஒரு லாரி ஓட்டுநர் வந்து, "நாப்பத்தோரு நாள் முடிஞ்சா சரியாயிருமா சாமி?" என்று கேட்டார். பெரியவர் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தார். பையன் செல்போனை எடுத்து, "உங்க நம்பரைச் சொல்லுங்க சாமி" என்றான்.